கசிவு தெரியும்வரை காத்திருப்போரின் கணக்கு

திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் பதினைந்து இருபது ஆண்டு ஓடிய சொகுசுக் கார்களை வைத்திருப்போரிடமும், அவற்றை வாங்கி விற்கும் தரகர்களிடமும், அவற்றைப் பழுதுபார்க்கும் பட்டறைகள் பலவற்றிலும் ஒரு கருத்து ஆழ வேரூன்றியிருக்கிறது. ஷாக் அப்சார்பரிலிருந்து எண்ணெய் கசியாத வரையில், வண்டி மெத்தென்று போகும் வரையில், அதில் கைவைக்கத் தேவையில்லை. கசிந்தால் கசிந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். நம் ஊர்ச் சாலைக்குப் புதிதாகப் போட்டாலும் ஒரு வருடத்தில் போய்விடும். வண்டியின் விலையே சில லட்சம்தான் என்னும்போது அதற்கு நான்கு புது ஷாக் போடுவது வீண்செலவு. இக்கருத்தைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது, ஏனெனில் அதைச் சொல்வோரில் பலர் தங்கள் வண்டியின் என்ஜின் ஆயிலை நாள் தவறாமல் மாற்றுபவர்கள். ஷாக் அப்சார்பரைச் சொகுசு சார்ந்த பாகம் என்று அவர்கள் வகைப்படுத்தியிருப்பதே பிழையின் வேர். அந்த வகைப்பாட்டை ஏற்றுக்கொண்டால் மற்ற வாதங்கள் எல்லாம் ஒழுங்காக வரிசையில் வந்து நின்றுவிடும்.

அக்கருவியின் வேலை என்ன என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். பள்ளத்திலும் மேட்டிலும் சக்கரம் வாங்கும் அடியை ஏற்பது சுருள்வில், அதாவது பட்டறை வழக்கில் ஸ்பிரிங். ஆனால் ஏற்ற ஆற்றலை வில் தன்னிடமே வைத்துக்கொள்வதில்லை. அமுங்கிய வேகத்தில் அதைத் திருப்பித் தந்துவிடுகிறது, தந்த பின் எதிர்ப்பக்கம் நீள்கிறது, மறுபடி அமுங்குகிறது. ஒருமுறை தள்ளிவிட்ட ஊஞ்சல் தானாக நிற்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளுமோ அதுபோல, வில்லை மட்டும் நம்பிய வண்டியும் ஒரு மேட்டைத் தாண்டிய பின் நெடுநேரம் ஆடிக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பர். எண்ணெய் நிரம்பிய எஃகுக் குழலுக்குள் ஒரு பிஸ்டன், அந்தப் பிஸ்டனில் சிறு துளைகள், துளைகளை மூடித் திறக்கும் மெல்லிய எஃகுத் தகடுகளாலான வால்வுகள் என்பவையே அதன் உள்ளடக்கம். சக்கரம் மேலும் கீழும் அசையும்போது எண்ணெய் அத்துளைகளின் வழியே நெருக்குப்பட்டுச் செல்ல, ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறிக் குழலின் சுவர் வழியாகக் காற்றில் கலக்கிறது.

ஒரு காரில் ஆடுபவை இரண்டு என்பதைப் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. வில்லின் மேல் அமர்ந்திருக்கும் உடல் நொடிக்கு ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை முறை ஆடும். சொகுசுக் கார்களின் வில்கள் மென்மையானவை என்பதால் அவை இவ்வெல்லையின் கீழ்ப்பக்கத்தில் நிற்பவை. வில்லுக்குக் கீழே, டயரின் காற்றின்மேல் அமர்ந்திருக்கும் சக்கரமும் அச்சும் பிரேக்கும் சேர்ந்த தொகுதியோ நொடிக்குப் பத்து முதல் பதினைந்து முறை துடிக்கும். முதலாவது ஆட்டத்தைப் பயணியின் வயிறு உணர்கிறது. இரண்டாவதை அவர் உணர்வதே இல்லை, ஏனெனில் அதை உணரவிடாமல் தடுக்கத்தான் மென்மையான வில்லும் தடித்த ரப்பர் புஷ்களும் கனத்த இருக்கைகளும் அக்காரில் வைக்கப்பட்டிருக்கின்றன. டயர் சாலையை விட்டு எழும்புவதும் மீண்டும் பதிவதும் இந்த இரண்டாவது ஆட்டத்தில்தான். ஆகவே தேய்ந்த ஷாக் அப்சார்பரின் மிகப் பெரிய கேடு, ஒரு சொகுசுக் காரில், அமர்ந்திருப்பவருக்குத் தெரியாத இடத்தில் நிகழ்கிறது. மாருதி 800 போன்ற சிறு காரில் சில வாரங்களில் முதுகுக்குத் தெரிந்துவிடும் பழுதை, ஒன்றரை டன் எடையுள்ள ஜெர்மானியக் கார் ஆண்டுக்கணக்கில் மறைத்து வைக்கும்.

இக்கருத்து இவ்வளவு உறுதியாக நிலைபெற்றதற்கு ஊரின் அமைப்பும் ஒரு காரணம். தில்லை நகரிலிருந்து புறப்பட்டுக் காவிரிப் பாலம் கடந்து, மாம்பழச்சாலை வழியாக ஸ்ரீரங்கத்தின் ராஜகோபுரத்தைச் சென்றடைந்து, அங்கிருந்து உத்தர வீதிக்கோ சித்திரை வீதிக்கோ போகும் ஒரு காரின் வேகம் வழி நெடுகிலும் முப்பது நாற்பது கிலோமீட்டரைத் தாண்டுவது அரிது; மதில்களுக்குள் வந்துவிட்டால் கோயிலுக்கு வரும் கூட்டமும் ஆட்டோக்களும் மாடுகளும் சேர்ந்து அதை நடைவேகத்துக்கு இறக்கிவிடும். அங்கே வண்டியைச் சோதிப்பவை வேகத்தடைகள் மட்டுமே. இந்தியச் சாலைப் பேரவையின் 1988-ஆம் ஆண்டு வழிகாட்டி, வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் உள்ள வளைந்த மேடாக, 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. அவ்வேகத்தில் சக்கரம் அந்த மேட்டின்மேல் ஏறக்குறைய அரை நொடி இருக்கும். (தெருக்களில் உண்மையில் போடப்படும் தடைகள் பல இவ்வழிகாட்டியைக் கண்டதில்லை என்பது வேறு விஷயம்.) அரை நொடியில் ஏறி இறங்கும் மேடு உடலின் மெதுவான ஆட்டத்தை மட்டுமே கிளப்புகிறது. வில் மென்மையாக இருந்து, ஷாக் அப்சார்பர் பாதி செத்திருந்தால், வண்டி அம்மேட்டை ஒரு படகுபோல் தாண்டும். உரிமையாளர் அதையே நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்வார், விற்பவர் அதையே ஓட்டிக் காட்டுவார்.

அதே கார் சனிக்கிழமை விடியலில் சென்னைக்குப் புறப்பட்டு, சமயபுரம் சுங்கச்சாவடியைத் தாண்டிப் பாடாலூரை நோக்கி 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது நிலைமை முற்றிலும் வேறாகிறது. அவ்வேகம் நொடிக்கு 25 மீட்டர். நொடிக்குப் பன்னிரண்டு முறை துடிக்கும் சக்கரம் ஏறக்குறைய இரண்டு மீட்டருக்கு ஒருமுறை சாலையை அழுத்தியும் தளர்த்தியும் செல்கிறது. தளர்ந்திருக்கும் கணத்தில் பிரேக்கை மிதித்தால் அச்சக்கரம் எளிதில் பூட்டிக்கொள்ளப் பார்க்கும்; பூட்டாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு, சக்கரத்தின் சுழற்சியை மட்டுமே அளப்பதாலும் அது ஏன் வழுக்குகிறது என்று அறியாததாலும், பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நல்ல பிடிப்பில் நொடிக்கு நொடி 8 மீட்டர் வீதம் வேகம் குறைந்தால் 90 கிலோமீட்டரிலிருந்து நிற்க 39 மீட்டர் வேண்டும். பிடிப்பு எட்டில் ஒரு பங்கு குறைந்து அவ்வீதம் 7 ஆனால் ஏறக்குறைய 45 மீட்டர் வேண்டும். இடைப்பட்ட ஐந்தரை மீட்டருக்கு மேற்பட்ட தூரம் ஒரு முழுக் காரின் நீளத்தைவிட அதிகம். கருத்து உருவாவது மேலச் சித்திரை வீதியின் வேகத்தில், பழுது வெளிப்படுவதோ நான்குவழிச் சாலையின் வேகத்தில் என்பதால், கருத்து பொய்யென்று நிரூபிக்கப்படும் நாள்வரை அது மெய்யாகவே தோன்றிக்கொண்டிருக்கும்.

இனி, கசிவு. எண்ணெய் வெளியே வந்தால்தான் பழுது என்னும் வாதம், ஷாக் அப்சார்பரில் தேயக்கூடியது வெளிமுனையில் உள்ள சீல் ஒன்றே என்று கொள்கிறது. உள்ளே இன்னும் பல தேய்கின்றன. பிஸ்டனைச் சுற்றியுள்ள பட்டை தேய்ந்தால், துளைகள் வழியே போக வேண்டிய எண்ணெய் பிஸ்டனின் ஓரமாக நழுவிச் செல்கிறது; பல லட்சம் முறை வளைந்து நிமிர்ந்த வால்வுத் தகடுகள் தளர்கின்றன; எண்ணெயே வெப்பத்தில் தன் பிசுபிசுப்பை இழக்கிறது; வாயு அழுத்தம் உள்ள வகைகளில் நைட்ரஜன் மெல்ல வெளியேறிவிடுகிறது, அது போவது கண்ணுக்குத் தெரியாது. வாயு அழுத்தம் குறைந்தால் எண்ணெய் நுரைக்கும். நுரைத்த எண்ணெயில் பிஸ்டன் முதல் சில மில்லிமீட்டர் எதிர்ப்பின்றி ஓடும். இவை அனைத்தும் குழலின் வெளிப்புறம் காய்ந்து, தூசி படிந்து, பார்ப்பதற்குப் பழுதற்றதாக இருக்கும்போதே நடக்கின்றன. கசிவு என்பது இவ்வரிசையில் கடைசியாக வருவது. சிலவற்றில் அது வருவதே இல்லை.

பட்டறையில் வழக்கமாகச் செய்யும் சோதனையும் இவ்விடத்தில் உதவாது. முன் ஃபெண்டரின்மேல் இரு கைகளையும் ஊன்றி அமுக்கிவிட்டு, வண்டி ஒருமுறை எழும்பி நின்றால் ஷாக் நன்றாக இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்வார்கள். கையால் அமுக்கும்போது பிஸ்டனின் வேகம் நொடிக்குக் கால் மீட்டர் அளவைத் தாண்டுவதே அரிது. நெடுஞ்சாலையில் ஒரு பள்ளத்தின் விளிம்பில் அடிபடும் சக்கரம் அதை நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் ஓட்டும். மெதுவான வேகத்தில் எண்ணெயைக் கட்டுப்படுத்துவது ஒரு சிறு நிரந்தர வழி, அதிவேகத்தில் கட்டுப்படுத்துவது வால்வுத் தகடுகள். ஒன்றைச் சோதித்துவிட்டு மற்றொன்றுக்குச் சான்றிதழ் தருவது முறையாகாது. மேலும் பழைய காரில் இறுகிப்போன ரப்பர் புஷ்களின் உராய்வே கையால் கிளப்பிய சிறு ஆட்டத்தை நிறுத்திவிடும், அந்தப் புகழ் ஷாக் அப்சார்பருக்குப் போய்ச் சேரும். ஐரோப்பாவில் சக்கரத்தை ஓர் அதிரும் மேடையில் ஏற்றி, நொடிக்கு 25 முறை என்ற அளவிலிருந்து அதிர்வைப் படிப்படியாகக் குறைத்து, டயர் மேடையை அழுத்தும் விசை எந்த அளவுக்குக் கீழே இறங்குகிறது என்று அளக்கும் முறை பல ஆண்டுகளாக வழக்கில் உள்ளது. அத்தகைய மேடை இல்லாத பட்டறையிலும் கைக்கு எட்டும் சான்றுகள் உண்டு. டயரின் ஓடுபரப்பைச் சுற்றிலும் உள்ளங்கையால் தடவினால், சீராகத் தேயாமல் சிறு சிறு குழிகளாகத் தேய்ந்திருப்பது தட்டுப்படும். சக்கரம் துள்ளித் துள்ளி ஓடியதற்கு அதுவே எழுத்துச் சான்று. கரடுமுரடான சாலையில் அரைமணி நேரம் ஓட்டிவிட்டு நிழலில் நிறுத்தி, சைலன்சரின் சூடு படாத பக்கத்தில், வலப்பக்கக் குழலையும் இடப்பக்கக் குழலையும் தொட்டுப் பார்த்தால், வேலை செய்வது வெதுவெதுப்பாகவும் செத்தது குளிர்ந்தும் இருக்கும். வெப்பமே அதன் விளைபொருள் என்பதால், குளிர்ந்த ஷாக் அப்சார்பர் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

‘மிதந்து போகிறது’ என்னும் பாராட்டை இன்னும் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். சொகுசுக் காரை வடிவமைத்தவர்கள் மென்மையை வில்லிடமிருந்து பெற்றார்கள், ஷாக் அப்சார்பரைத் தளர்த்தி அல்ல. வில் மென்மையாக ஆக, அதை அடக்க வேண்டிய கருவி துல்லியமாக இருந்தாக வேண்டும். பிரெஞ்சுப் பொறியாளர் கிறிஸ்தியான் பூர்சியே தெ கார்போன் வகுத்த ஒற்றைக்குழல், வாயு அழுத்த முறையை பில்ஸ்டைன் நிறுவனம் 1957-இல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களுக்காகவே தயாரிப்புக்குக் கொண்டுவந்தது பந்தயத்துக்கான ஆடம்பரமாக அன்று. எண்ணெய் நுரைத்துக் கட்டுப்பாடு போவதைத் தடுக்கவே. 1995-இல் மெர்சிடிஸ் நிறுவனம் புணேயில் தயாரிக்கத் தொடங்கிய டபிள்யூ124 வகைக் காரின் பின்சக்கரம் ஒவ்வொன்றையும் ஐந்து தண்டுகள் தாங்கிப் பிடிக்கின்றன. அவ்வளவு கவனத்தோடு சக்கரத்தின் கோணத்தைக் காக்கும் அமைப்பு, அச்சக்கரம் சாலையில் பதிந்திருக்கிறது என்னும் ஒரே அனுமானத்தின்மேல் நிற்கிறது. ஆகவே புதிதில் அக்கார் அலைபாயவில்லை. இன்று அலைபாய்ந்தால் அது அக்காரின் குணம் அன்று, நோய்.

‘பழைய பொருளுக்கு ஏன் புதுப் பாகம்’ என்னும் கேள்விக்கு இந்நகரத்துக்குள்ளேயே இரண்டு பதில்கள் இருக்கின்றன. 1976-இல் திறக்கப்பட்ட காவிரிப் பாலம் இடிந்துவிடவில்லை. அதன் இணைப்பு இடைவெளிகளில் வண்டிகள் தடதடத்தன, தூணுக்கும் தளத்துக்கும் இடையே அசைவை ஏற்கும் தாங்கிகள் தேய்ந்திருந்தன. 2022-இன் பிற்பகுதியில் கார்களுக்குப் போக்குவரத்தை நிறுத்தி, அத்தாங்கிகளையும் இணைப்புகளையும் மாற்றி, 2023-இன் முற்பகுதியில் மீண்டும் திறந்தார்கள். பக்கத்திலேயே புதுப் பாலத்துக்கான வேலை பின்னர் தொடங்கியது என்பதால் பழைய பாலத்துக்குச் செய்த செலவு வீண் என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. பொன்மலை ரயில்வே பணிமனையின் வழக்கம் இன்னும் நேரடியானது. ரயில் பெட்டியின் சுருள்வில்களோடும் எண்ணெய் ஷாக் அப்சார்பர்கள் உள்ளன. குறித்த காலத்தில் பெட்டி பெரும் பராமரிப்புக்கு வரும்போது அவற்றைக் கழற்றி, சோதனை இயந்திரத்தில் இயக்கிப் பார்த்து, அளவில் நில்லாதவற்றை ஒதுக்குகிறார்கள். கசிகிறதா என்று கேட்டுவிட்டுத் தொடுவது அங்கே முறையன்று. ரயில் பொதுச் சொத்து, கார் தனிச் சொத்து என்று இதற்கு மறுமொழி கூறலாம்; ஆனால் அக்கார் ஓடும் சாலையும், அதன் முன்னே சைக்கிளில் செல்பவரும் அதன் உரிமையாளரின் தனிச் சொத்து அல்லர்.

பணத்தின் பெயரால் எழும் வாதத்துக்கு வண்டியின் மறுவிற்பனை விலையை அளவுகோலாகக் கொள்வது விந்தையான வழக்கம். இருபது ஆண்டுக் காரின் விலை இறங்கியிருக்கலாம். அதன் எடையும் நெடுஞ்சாலையில் அது செல்லும் வேகமும் இறங்கவில்லை. பதினைந்து ஆண்டு முடிந்தபின் டி.என். 45, 48, 81 எண்களைத் தாங்கிய கார்களுக்குப் பதிவு ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கப்படுகிறது என்பதைச் சிலர் சான்றாகக் காட்டுவதுண்டு. ஒரு நாளில் செய்த ஆய்வு அடுத்த ஐந்தாண்டின் தேய்மானத்துக்கு எவ்வாறு உத்தரவாதமாகும் என்பதை அவர்கள்தான் விளக்க வேண்டும். செலவைக் குறைக்கவென்று சொல்லப்படும் மாற்று வழிகளோ கேட்டைக் கூட்டுகின்றன. சுருள்வில்லின் வளையங்களுக்கு இடையே செருகும் ரப்பர் பஃபர் அவற்றுள் ஒன்று. அது வண்டியை ஓரளவு உயர்த்தும், அடி தட்டுவதையும் குறைக்கும். ஆனால் வில்லின் சில சுற்றுகளைச் செயலிழக்கச் செய்து அதைக் கடினமாக்குவதால், ஏற்கெனவே தளர்ந்திருக்கும் ஷாக் அப்சார்பர் முன்னிலும் வலுவான வில்லை அடக்க வேண்டியதாகிறது. மற்றொன்று ரீகண்டிஷன் செய்வது. குழலை அறுத்து, எண்ணெய் மாற்றி, மீண்டும் பற்றவைத்துத் தருவது. 1965 முதல் பெல் நிறுவனத்தின் கொதிகலன் குழாய்களைப் பற்றவைத்துப் பேர்பெற்ற ஊரில் பற்றவைப்பின் தரத்தைக் குறை கூறுவதற்கில்லை. குறை வேறிடத்தில் உள்ளது. எந்த வேகத்தில் எவ்வளவு எதிர்ப்பு என்று அந்தக் காருக்கென அளந்து அடுக்கப்பட்ட வால்வுத் தகடுகள் தேய்ந்தபடியே உள்ளே இருக்க, புது எண்ணெய் மட்டும் ஊற்றப்படுகிறது. நான்கு குழல்களும் நான்கு விதமாக நடந்துகொள்ளும் கார் அவ்வாறுதான் உருவாகிறது. ஒன்றை மட்டும் மாற்றும் வழக்கத்துக்கும் இதே மறுப்பு பொருந்தும்: ஒரே அச்சின் இடப்பக்கம் புதிதும் வலப்பக்கம் தேய்ந்ததுமாக இருந்தால், திடீரென்று பிரேக் பிடிக்கையில் இரு டயர்களின் பிடிப்பும் ஒன்றாக இராது.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்பதற்கில்லை. முன்பக்கம் ‘டொக் டொக்’ என்று சத்தம் வந்த உடனே நான்கு ஷாக்கையும் மாற்றச் சொல்லும் பட்டறைகளை உரிமையாளர்கள் சந்தேகிப்பது சரியே. அச்சத்தம் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்கிலிருந்தோ, கீழ்க்கையின் புஷ்ஷிலிருந்தோ, ஷாக்கின் தலைப்பகுதியை உடலோடு இணைக்கும் ரப்பர் மவுண்டிலிருந்தோ வருவது. காற்றுப்பை அமைப்பும் மின்னணுக் கட்டுப்பாடும் கொண்ட பிற்காலக் கார்களில் செலவு பன்மடங்காகும் என்பதும் உண்மை. சத்தம் தேய்மானத்துக்குச் சான்றன்று என்பதை ஒப்புக்கொண்டால், சத்தமின்மை நலத்துக்குச் சான்றன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். தயாரிப்பாளர்கள் பலர் 80,000 கிலோமீட்டரை ஆய்வுக்கும் மாற்றத்துக்குமான எல்லையாகச் சொல்வதில் வியாபாரம் கலந்திருக்கலாம். ஆனால் இரண்டு லட்சம் ஓடிய காரில் தொழிற்சாலையில் போட்ட ஷாக் அப்சார்பரே இன்னும் இருக்கிறது என்று பெருமைப்படுவதை எந்தக் கணக்கும் தாங்காது.

எஞ்சியிருப்பது, புதிதாகப் போட்டாலும் ஒரு வருடத்தில் போய்விடும் என்னும் வாதம். போய்விடுவது உண்டு. ஆனால் அதற்குச் சாலையைவிடப் பொருத்தும் முறையே பெரும்பாலும் பொறுப்பு. மேல்முனை நட்டை முடுக்கும்போது தண்டு சுழலாமலிருக்க, குரோமியம் பூசிய அத்தண்டையே பிளையரால் இறுகப் பிடிக்கிறார்கள். பிளையரின் பற்கள் பதிந்த வடு ஒவ்வோர் அசைவிலும் சீலின் உதட்டை அறுத்து, சில மாதங்களில் எண்ணெயை வெளியே கொண்டுவருகிறது. தண்டின் நுனியில் அதைப் பிடிக்கவென்றே அறுகோணக் குழியோ தட்டையான முகமோ இருக்கும். இரட்டைக்குழல் வகை, பெட்டியில் படுத்துக் கிடந்திருந்தால், நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை முழுதாக இழுத்து அமுக்கி உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றிய பிறகே பொருத்தத் தக்கது. தூசியுறை கிழிந்திருந்தும், வண்டி முழுதாக அமுங்கும்போது கடைசி அடியை ஏற்கும் பம்ப் ஸ்டாப் என்னும் நுரைரப்பர் பொடிந்திருந்தும், பழையதையே மீண்டும் மாட்டினால் புதுத் தண்டு மணலையும் நேரடி அடியையும் வாங்கும். எல்லாவற்றையும்விடப் பரவலான தவறு, வண்டி லிஃப்டில் சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கையிலேயே ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைக் கடைசி இறுக்கம்வரை இறுக்கிவிடுவது; தரையில் இறக்கியவுடன் அந்த ரப்பர் முறுக்கேறிய நிலையிலேயே நிரந்தரமாக நின்று, சீக்கிரமே கிழிகிறது. டபிள்யூ124 போன்ற கார்களில் முன்வில் ஷாக்கிலிருந்து தனித்து நிற்பதால், கீழ்க்கைக்கு ஜாக்கி கொடுக்காமல் ஷாக்கை அவிழ்த்தால் அமுங்கிய வில் கையோடு விடுபட்டுப் பாயும் ஆபத்தும் உண்டு. சக்கரங்கள் நான்கும் தரையில் பதிந்து, வண்டியின் முழு எடையும் அவற்றின்மேல் அமர்ந்த பிறகு அந்த போல்ட்டுகளை இறுக்கி, அலைன்மென்ட் பார்த்து அனுப்பும் பட்டறையில் பொருத்திய ஷாக் அப்சார்பர்கள், திருச்சியின் கோடையிலும் இதே வேகத்தடைகளிலும் ஆண்டுகள் பல உழைப்பதைக் காணலாம்.